அமுக்கு... பிடி... விடு!

எங்கள் அத்தானுக்கு வாழ்க்கையில் ரெண்டே ரெண்டு ஆசை. ஒன்று, சொந்த வீடு. இன்னொன்று, ஸ்போர்ட்ஸ் கார். சேலம் அஸ்தம்பட்டியில் முதல் ஆசை நிறைவேறியதும், அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரெண்டாவதை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டார்.

சான் ஸ்டார்ம் என்று பெயர். ஃபாரின் சரக்கு என்று நினைக்காதீர்கள். நம் கோவாவில் தயாரானது. 1990-களின் கடைசியில் வந்த வண்டி, இப்போது தயாரிப்பில் இல்லை. ஃபைபர் பாடி. 1149 சி.சி. ரெனால்ட் என்ஜின். கூரையை எடுத்துவிட்டால் தலைக்கு மேலே ஆகாயம். சீட் மட்டும் ரெண்டே ரெண்டு.

அக்கா வாசலுக்கு வந்தாள். சுற்றிப் பார்த்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வீட்ல நாம மூணு பேரு. இதுல யாரை விட்டுட்டுப் போறதா உத்தேசம்?"

அத்தான் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

போன மாதம் அவர்களுக்குப் பதினைந்தாவது கல்யாண நாள். கொல்லிமலை அறப்பளீஸ்வரருக்கு அக்கா ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள். 'நம்ம வண்டியிலேயே போகலாம்' என்று அத்தான் ஒரு வழியாகச் சம்மதம் வாங்கிவிட்டார். பத்து வயது மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே? சென்னையில் ஆபீஸ் கிடையாது, லீவ் போட வேண்டியதும் கிடையாது, எழுதிப் பிழைக்கிற ஒரு தம்பி இருக்கிறானே! சனிக்கிழமை காலை பஸ்ஸில் போய் இறங்கினேன்.

பையை வைக்கக்கூட விடவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற அத்தான், "வா மாப்ளே, பிரேக் ஆயில் மாத்தணும்" என்றார்.

"மெக்கானிக்கிட்ட விட்டுடலாமே அத்தான்?"

"எதுக்கு? வீடியோல பார்த்தேன். ரெண்டு பேர் இருந்தாப் போதும், ஒரு மணி நேர வேலை."

வீடியோ பார்த்து இட்லி சுட்டால், கெட்டுப் போனாலும் உப்புமா ஆக்கிவிடலாம். பிரேக்கை உப்புமா ஆக்க முடியுமா? ஆனால் அக்கா புருஷனிடம் இதையெல்லாம் கேட்க முடியாது.

அடியேன் பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது. அன்றைக்குத்தான் அத்தான் பாடம் எடுத்தார். எல்லாரும் 'பிரேக் ஆயில்' என்கிறோமே, அது ஆயிலே இல்லையாம். கிளைக்கால் சேர்ந்த ஒரு ரசாயனத் திரவம். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை அதில் ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதிப் போய்விடும். நாம் பெடலை மிதிக்கிற மிதியை, குழாய் வழியே நாலு சக்கரத்துக்கும் சமமாக எடுத்துப் போவதுதான் அதன் உத்தியோகம். பாஸ்கல் என்கிற பிரெஞ்சுக்காரர் பதினேழாம் நூற்றாண்டில் கண்டுபிடித்த விதி. அதைக் காருக்குக் கொண்டு வந்தவர் அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட். 1921-ல் வந்த டூசன்பெர்க் காரில் நாலு சக்கரத்துக்கும் இந்த பிரேக்தான். லாக்ஹீட் என்று விமானக் கம்பெனி ஒன்று இருக்கிறதே, அதை ஆரம்பித்தது இவருடைய தம்பி. அண்ணன் நிறுத்த வழி கண்டுபிடித்தார், தம்பி பறக்க வழி பார்த்தார். நல்ல குடும்பம்!

"சரி அத்தான். இருக்கிற ஆயில் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?"

"இது தண்ணி குடிக்கும் மாப்ளே."

நான் அத்தானைச் சந்தேகமாகப் பார்த்தேன். நிஜம்தானாம். காற்றில் இருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 'டாட் 4' என்கிற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்ஷியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். மலை இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடு ஏறும். ஆயில் கொதிக்கும். கொதித்தால் ஆவி. திரவத்தை அமுக்கினால் அது அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொடுக்கும். ஆவியை அமுக்கினால் அது தானே அமுங்கிக்கொள்ளும். பெடல் 'தொபுக்'கென்று தரையில் போய் உட்காரும். வண்டி உட்காராது, போய்க்கொண்டே இருக்கும்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு!

இப்படிப்பட்ட வண்டிகளுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றச் சொல்கிறார்கள். பழைய ஓனர் எப்போது மாற்றினாரோ, அறப்பளீஸ்வரருக்கே வெளிச்சம். மூடியைத் திறந்து பார்த்தோம். புது ஆயில் தேன் மாதிரி வெளிறிப் போய் இருக்குமாம். இது முதல் டிகாக்ஷன் மாதிரி இருந்தது.

வேலை ஆரம்பம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே ஸ்டாண்ட் கொடுத்தோம். (வெறும் ஜாக்கியை நம்பி கீழே கையை விடாதீர்கள். வீட்டில் தேடுவார்கள்.) ஊசி போடாத பெரிய சிரிஞ்ச் ஒன்றால் டப்பாவில் இருந்த பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதிதை ஊற்றினோம். பிறகு பெடலிலிருந்து அதிக தூரத்தில் இருக்கிற பின்பக்க இடது சக்கரம் முதலில், முன்பக்க வலது சக்கரம் கடைசியில்.

சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மூக்கு இருக்கிறது. மீன் தொட்டிக் கடையில் வாங்கிய டியூபை அதில் மாட்டி, மறு முனையை, கொஞ்சம் ஆயில் ஊற்றிய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் முங்க விட்டார் அத்தான். அவர் கீழே ஸ்பேனரோடு. நான் மேலே பெடலோடு.

"அமுக்கு!" நான் மிதிக்க வேண்டும். அவர் மூக்கைத் திருகித் திறப்பார். பழைய ஆயில் டியூபில் ஓடும். பெடல் கீழே போகும்.

"பிடி!" அப்படியே மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் மூக்கை மூடுவார்.

"விடு!" இப்போதுதான் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அமுக்கு... பிடி... விடு! அமுக்கு... பிடி... விடு! அரை மணி நேரம் தெருவே கேட்டது. எதிர் வீட்டுப் பாட்டி கேட் வரைக்கும் வந்து, "மாப்பிள்ளைக்கு இடுப்புப் பிடிப்பா? யாரு, வைத்தியரா வந்திருக்கிறது?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

எனக்கு இன்னொரு டியூட்டியும் உண்டு. பத்துப் பன்னிரண்டு மிதிக்கு ஒரு தரம் இறங்கி, மேலே டப்பாவில் ஆயில் ஊற்ற வேண்டும். அது காலியானால் காற்று உள்ளே போய்விடும். "அது மட்டும் உன் பொறுப்பு மாப்ளே" என்று மூன்று தரம் சொல்லியிருந்தார்.

மூன்றாவது சக்கரம் நடக்கும்போது செல்போன் அடித்தது. பத்திரிகை ஆபீஸ். "சார், கட்டுரை எப்ப வரும்?" உங்களுக்கே தெரியும், ஃப்ரீலான்ஸ் ஆசாமிக்கு அந்த போன் எமன் அழைப்பு மாதிரி. எடுக்காமல் இருக்க முடியாது. காதில் போன், காலில் பெடல். அமுக்கினேன், பிடித்தேன், விட்டேன். எத்தனை தரம் என்று எண்ணவில்லை.

போனை வைத்துவிட்டு இறங்கிப் பார்த்தேன். டப்பாவின் அடி தெரிந்தது.

சட்டென்று பாட்டிலை எடுத்து நிரப்பினேன். அத்தான் கீழே இருந்தார், பார்க்கவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'அது மட்டும் உன் பொறுப்பு' என்று மூன்று தரம் சொன்ன ஆளிடம் எப்படிச் சொல்வது?

நாலு சக்கரமும் முடிந்தது. ஆயில் சிந்திய இடத்தில் உடனே தண்ணீர் விட்டுக் கழுவினோம், இல்லாவிட்டால் பெயின்ட்டைத் தின்றுவிடும். தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தார். நின்றது. "சூப்பர் மாப்ளே!" என்று முதுகில் தட்டினார். வண்டியை உள்ளே விடும்போது நானும் ஒரு தரம் பெடலை மிதித்தேன். மெத்தை மாதிரி இறங்கியது. ரெண்டு தரம் அடுத்தடுத்து மிதித்தால் கெட்டியானது. உள்ளே காற்று இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று காலையில் அவரே சொல்லிக்கொடுத்திருந்தார்.

பி.காமில் ஒரு சமாசாரம் உண்டு. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தலைப்பில் போட்டுவிட்டு அப்புறம் தேடலாம். லெட்ஜரில் அது செல்லும். கொல்லிமலையில் செல்லுமா?

ராத்திரி தோசை சாப்பிடும்போது அக்கா மகள், "அம்மா, பயமா இல்லையா உனக்கு?" என்றாள். அக்கா பதில் சொல்வதற்குள் அவளே, "மாமாதானே பிரேக் சரி பண்ணுச்சு, அப்ப ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுச் சட்னி கேட்டாள்.

எனக்குத் தோசை இறங்கவில்லை.

படுத்தேன். புரண்டேன். எழுபது வளைவையும் எண்ணினேன். நாலரை மணிக்கு அடுப்படியில் விளக்கு எரிந்தது. அக்கா புளியோதரை கிளறிக்கொண்டிருந்தாள். அத்தான் குளித்துவிட்டு விபூதியோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"அத்தான், வண்டியை எடுக்காதீங்க. நேத்து டப்பா காலியாயிடுச்சு. நான் சொல்லலை."

ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அத்தான் டம்ளரைக் கீழே வைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கும் பெடல் மெத்துன்னுதான் தெரிஞ்சுது மாப்ளே. உங்க அக்கா முன்னாடி, 'சரியா வரலை'ன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அக்கா கரண்டியோடு திரும்பினாள்.

"ரெண்டு ஆம்பளைங்க வெக்கத்துக்காக நான் எழுபது வளைவு இறங்கணுமா?"

இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை.

விடிந்ததும் மறுபடி ஜாக்கி, மறுபடி ஹார்லிக்ஸ் பாட்டில். திறந்து வைத்த ஆயிலில் ராத்திரி ஈரம் சேர்ந்திருக்கும் என்று, சீல் உடைக்காத இன்னொரு பாட்டிலை எடுத்தோம். பின் சக்கரங்களில் ஒன்றுமில்லை. முன்பக்க இடது சக்கரத்தில் டியூப் வழியே குமிழி வந்தது பாருங்கள்! சோடா பாட்டில் திறந்த மாதிரி. 'பிளக்... பிளக்...' அக்கா மகள் எண்ணிக்கொண்டே இருந்தாள். பதினெட்டு. பதினெட்டும் நான் போனில் பேசிய பேச்சு.

குமிழி நின்றது. நாலு சக்கரமும் முடித்து மிதித்துப் பார்த்தோம். பெடல் கல் மாதிரி நின்றது. டேலி!

"கிளம்பலாமா?" என்றார் அத்தான் ஆவலாக.

அக்கா புளியோதரைத் தூக்கை எடுத்துக்கொண்டாள். "கிளம்பலாம். பஸ்ல. நாலு பேரும். இதை ஒரு வாரம் ஊருக்குள்ள ஓட்டிப் பாருங்க, தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் கண்ணுலயும் காட்டுங்க. அப்புறம் பார்க்கலாம்."

பஸ்ஸில் மலை இறங்கும்போது டிரைவர் சின்ன கியரில் போட்டு, என்ஜினையே பிரேக்காக்கி மெதுவாக இறக்கினார். பிரேக்கை அவர் அதிகம் தொடவே இல்லை. தொட்டபோதெல்லாம் 'புஸ்' என்று சத்தம்.

"என்ன மாமா சத்தம்?"

"காத்து. பஸ்ஸுக்குக் காத்துலதான் பிரேக்."

"அப்ப நம்ம கார்ல மட்டும் காத்து இருக்கக் கூடாதா?"

"நம்ம கார்ல காத்து இருந்தா ஆபத்து. இதுல காத்து இல்லேன்னா ஆபத்து."

யோசித்தாள். "ரெண்டுலயுமே, இல்லேன்னா முன்னாடியே சொல்லிடணும். அவ்ளோதானே?"

முன் சீட்டில் அக்கா திரும்பாமலே சிரித்தாள். நானும் அத்தானும் ஜன்னல் வழியே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.