ராத்திரி பன்னிரண்டுக்கு ஒரு பீப்

ஆட்டுக்கால் சூப்பைக் குக்கரில் வைக்கலாமே என்று அம்மாவிடம் சொல்லக் கூடாது. ஏழெட்டு விசிலில் கால் வெந்துவிடும், ஆனால் சாறு உதட்டில் ஒட்டாது என்பாள். (ஒட்டத்தான் செய்யும். நான் வாய் திறப்பதில்லை.) ஜவ்வு கரைந்து சாறில் இறங்க ராத்திரி முழுக்க அது சிணுங்கிக்கொண்டே கிடக்க வேண்டும். ஊரில் அதற்குத் தணல் இருந்தது. எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடி, மேலே பானையை ஏற்றிவிட்டுப் படுத்துவிடுவாள்.

போன மாதம் சென்னைக்கு வந்திருந்தபோது, இங்கேயும் வைத்துக் காட்டுகிறேன் என்றாள். காஸ் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுத் தூங்க எனக்குப் பயம். பொங்கி வழிந்து தீ அணைந்தால், காஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். இண்டக்ஷனில் தீயே கிடையாதே என்று யோசனை சொன்னது நான்தான். அம்மா கொண்டுவந்திருந்த அலுமினியச் சட்டியை அடுப்பு ஏற்கவில்லை. கனத்த அடி வைத்த எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றினோம். தீய்த்துச் சுரண்டிய நாலு கால், சின்ன வெங்காயம், இடித்த மிளகு சீரகம், மஞ்சள். இருப்பதிலேயே குறைந்த சூட்டில் வைத்தபோது மணி பத்து. இந்த அடுப்பில் குறைந்த சூடு என்பது ஒரு கண்கட்டு வித்தை. சில நொடி முழு வேகத்தில் சூடாக்கும், சில நொடி சும்மா இருக்கும். சாறு கொதிப்பதும் அடங்குவதுமாக இருந்தது. "இதென்ன, விக்கல் எடுக்குற மாதிரி கொதிக்குது" என்றாள் அம்மா.

நடுராத்திரியில் ஒரு 'பீப்' கேட்டது. இன்வெர்ட்டராக இருக்கும் என்று புரண்டு படுத்தேன்.

காலை ஐந்தரைக்கு மூடியைத் திறந்தாள். ஆவி வரவில்லை. மேலே மெல்லிசாகக் கொழுப்பு படிந்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். "வெதவெதன்னு கெடக்குடா. எப்ப நின்னுச்சோ."

மறுபடி கொதிக்கவைத்தால் ஆயிற்று என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் கறிச்சாறு மெல்ல ஆறும்போது வருகிற அந்த வெதுவெதுப்புதான் கிருமிக்குத் தோதான இடம். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்றொரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் கிடந்து, 40 டிகிரி செல்சியஸைச் சுற்றிய சூட்டில் மளமளவென்று பெருகும். வேறு சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு, திரும்பக் கொதிக்கவைத்தாலும் அழியாது. நாலு காலையும் சாறோடு கொட்டினேன். அம்மா அன்று முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை.

பேசியபோது சொன்னது ஒன்றுதான்: "தணல் இப்படிப் பண்ணாது."

உண்மை. விறகடுப்பும் தானாக அணைகிற அடுப்புதான். விறகு தீர்ந்தால் அணைந்துவிடும். ஆனால் படிப்படியாக அடங்கும், விடியும்வரை கதகதப்பு இருக்கும். இண்டக்ஷனுக்குச் சொந்தச் சூடு கிடையாது. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் செம்புச் சுருளில் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் மின்சாரம் திசைமாறி ஓட, சூடாவது பாத்திரத்தின் அடி. நின்றால் நின்றதுதான்.

கையேட்டைத் தேடி எடுத்தேன். சாம்பார், தோசை, பால் என்று ஒவ்வொரு பொத்தானுக்கும் படம் போட்டவர்கள், இரண்டு மணி நேரம் எந்தப் பொத்தானையும் அழுத்தாவிட்டால் அடுப்பு அணைந்துவிடும் என்பதைப் பொடி எழுத்தில் ஒரே வரியில் முடித்திருந்தார்கள்.

அணைவதில் எனக்குச் சண்டை இல்லை. தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டாது. வற்றிய பிறகுதான் ஆபத்து. கண்ணாடிக்கு அடியில் சூடு பார்க்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. கனத்த அடி உள்ள பாத்திரம் என்றால் அதற்குச் சேதி தாமதமாகத்தான் போகும். அதனால் கடிகாரமும் ஒரு காவல். அடுப்பில் பாலை வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடும் வயது எனக்கும் வந்துவிட்டது. அடுப்பை ஓடவிட்டுத் தூங்கப் போனது என் தப்பு. அந்தக் காவல் என்னைப் போன்றவனுக்காகத்தான்.

என் வழக்கு வேறு. உச்ச சூட்டில் எண்ணெய் காய்வதற்கும், ஓரத்தில் சூப்பு சிணுங்குவதற்கும் ஒரே இரண்டு மணி நேரமா? ஐரோப்பிய வீடுகளில் மேடையில் பதிக்கும் இண்டக்ஷன் அடுப்புகள் சிலவற்றில் சூட்டுக்கு ஏற்ற கணக்கு இருக்கிறது. சிறு சூட்டுக்கு 6 மணி நேரம், பெரிய சூட்டுக்கு ஒன்றரை மணி நேரம். அடுத்தது அந்த பீப். அணைந்த பிறகு ஒரு தடவை கத்துவதில் யாருக்கு என்ன பிரயோஜனம்? அணைவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் நாலு தடவை கத்தினால் எழுந்து வரமாட்டோமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் தண்ணீரை வைத்துச் சோதித்தேன். 1 மணி 50 நிமிஷத்தில் கூட்டல் பொத்தானை ஒரு தட்டு, கழித்தலை ஒரு தட்டு. கணக்கு முதலிலிருந்து தொடங்கி, 3 மணி 50 நிமிஷத்தில் அணைந்தது. பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும் அதற்கு. நடுவில் கரண்ட் போனால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. கரண்ட் திரும்பி வந்தாலும் அடுப்பு தானாக எரியாது. போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும்.

அம்மா மறுபடி வந்தபோது சாயங்காலம் நாலு மணிக்கே சூப்பை ஏற்றினோம். ஆறுக்கு ஒரு தடவை, எட்டுக்கு ஒரு தடவை அவளே போய்த் தட்டினாள். பத்து மணிக்கு இறக்கினோம். உதட்டில் ஒட்டியது.

புதிதாக அடுப்பு வாங்கப் போகிறவர்கள், எத்தனை வாட் என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். எத்தனை மணி நேரத்தில் தானாக அணையும் என்றும் கேளுங்கள். கடைக்காரர் முழித்தால், பெட்டியைப் பிரித்துக் கையேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.