எதுக்காவது ஆகும்



எங்கள் பாளையங்கோட்டை வீட்டு மச்சில் ஏழு ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இருந்தன. ஒன்றில் ஒன்றரை அங்குல ஆணி, இன்னொன்றில் இரண்டங்குல ஆணி, மூன்றாவதில் திருகாணி, நாலாவதில் வாஷர், ஐந்தாவதில் சைக்கிள் பால்ரஸ், ஆறாவதில் ரப்பர் பேண்டும் சணல் துண்டும். ஏழாவது காலி. வரப்போகிற எதற்கோ இடம் போட்டு வைத்திருந்திருக்கிறார் அப்பா. காலி பாட்டில் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் காகிதம் ஒட்டி, உள்ளே இருப்பது என்னவென்று முத்து முத்தாக எழுதியிருந்தது.

அப்பா வைகாசியில் போனார். எண்பத்து நாலு வயது. படுக்கையில் கிடக்கவில்லை. கொடுத்துவைத்தவர் என்று துக்கத்துக்கு வந்த எல்லோரும் சொன்னார்கள். கூட்டுறவு பண்டகசாலையில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியவர். எதையாவது தூக்கிப்போடப் போனால் குறுக்கே வந்து நிற்பார். “இருக்கட்டும், எதுக்காவது ஆகும்.” அட்டைப்பெட்டி, அறுந்த செருப்பின் வார், தீர்ந்த டார்ச் லைட், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை என்று அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வீட்டில் தங்கிப்போன சாமான்கள் ஏராளம்.

வீட்டை வாடகைக்கு விடுவதென்று முடிவாயிற்று. ஐப்பசியில் மதுரையிலிருந்து அக்காவும் கோவையிலிருந்து தம்பியும் சென்னையிலிருந்து நானும் போய்ச் சேர்ந்தோம். மூன்று நாளில் ஒழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். பதினொரு நாள் ஆயிற்று. அடைமழை வேறு.

முதல் நாளே ஒரு தப்புச் செய்தோம். அப்பாவின் மேசையில் கை வைத்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் ஏதோ ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். ஒரு சாமான்கூட வாசலைத் தாண்டவில்லை. மறுநாள் அக்காதான் சொன்னாள்: “முதல்ல பேரில்லாத சாமானை எடுப்போம்டே.” உடைந்த வாளி, ஓடாத மிக்சி, கால் ஆடும் நாற்காலி இவையெல்லாம் பேரில்லாத சாமான்கள். கையெழுத்தும் முகமும் உள்ளவை கடைசியில். இந்த வேலை உங்களுக்கும் வந்தால், வருமே, இதே வரிசையில் செய்யுங்கள். போட்டோப் பெட்டியை முதலில் திறந்தவர்கள் அன்றைக்கு வேறு வேலை பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வாக்கரும் கழிப்பறை நாற்காலியும் மூன்று வீடு தள்ளி ஒரு பெரியவருக்குப் போயின. பல்செட்டை என்ன செய்வது என்று யாரும் எங்கேயும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. நாங்களும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒருநாள் விடியற்காலையில் தம்பி புறவாசல் முருங்கை மூட்டில் குழி தோண்டிக்கொண்டிருந்தான். நான் பார்க்காததுபோல வந்துவிட்டேன்.

இது அப்பாவின் சாமான்களை ஒழிக்கும் வேலை என்று நினைத்துத்தான் போயிருந்தோம். அம்மா இறந்தது 2014-இல். அதற்குப் பிறகு அப்பா அடுக்களையில் எதையும் இடம் மாற்றவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். பீரோவையும் அப்படியே விட்டிருக்கிறார் என்பது திறந்தபோதுதான் தெரிந்தது. புடவைகள் அம்மா மடித்த மடிப்பிலேயே இருந்தன. ஓர் அரக்குப் பட்டுப் புடவையின் மடிப்புக்குள் ஏழு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். பழைய நோட்டுகள்.

2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி அந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அம்மா இல்லை. அப்பா தன்னிடம் இருந்த சொற்ப நோட்டுகளை மாற்ற வங்கி வாசலில் இரண்டு நாள் வரிசையில் நின்றவர். வீட்டிலேயே பீரோவுக்குள் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் இருந்தது அவருக்குத் தெரியாது. மனைவியின் புடவை அடுக்கில் கை வைக்காத மனிதருக்கு எப்படித் தெரியும்? 2017-இல் வந்த சட்டப்படி செல்லாத நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருப்பது குற்றம், ஆராய்ச்சிக்கும் நாணயச் சேகரிப்புக்கும் என்றால் 25 வரை வைக்கலாம். எங்களிடம் இருந்தது ஏழுதான். அக்காவுக்கு மூன்று, எனக்கு இரண்டு, தம்பிக்கு இரண்டு. எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையில் ஒருவரும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது இந்தச் செல்லாத பணத்தைத்தான்.

நகையில் தகராறு இல்லை. யாருக்கு எது என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். அரை மணி நேரத்தில் முடிந்தது. சண்டை வந்தது முறுக்கு உரலுக்கு. பித்தளை, கைப்பிடி தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். அக்கா கேட்டாள், தம்பி மனைவி கேட்டாள், நானும் விடவில்லை. மூன்று பேரில் முறுக்குச் சுடுகிறவர் ஒருவர்கூட இல்லை என்பதைத் தம்பி எடுத்துச் சொன்னபோது இரண்டு பேர் அவனோடு பேசுவதை நிறுத்தினோம். கடைசியில் அது எங்கள் சித்திக்குப் போயிற்று. தீபாவளிக்கு மூன்று வீட்டுக்கும் ஒரு டப்பா முறுக்கு வந்தது.

தீராத வழக்கு ஒன்று உண்டு. அப்பா அம்மா கல்யாணத்துக்கு நெய்து வாங்கிய பத்தமடைப் பாய். மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் போட்டு நெய்வது பத்தமடையில் வழக்கம். கோரையைப் பட்டு இழைபோல மெல்லிசாகக் கிழித்து நெய்கிற பாய் அது. இன்னும் மடிக்க வருகிறது. விற்க முடியாது, தானமும் கொடுக்க முடியாது. அடுத்தவர் பெயர் போட்ட கல்யாணப் பாயை யார் விரிப்பார்கள்? அக்கா வீட்டுப் பரணில் இருக்கிறது. அதாவது, முடிவைப் பேரப்பிள்ளைகள் தலையில் போட்டிருக்கிறோம்.

நூல் புடவைகளுக்கு இப்படிப்பட்ட சங்கடம் எதுவும் இல்லை. அவற்றுக்குப் போகிற வழி நம் வீடுகளில் முன்பே தெரியும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சுங்குடிச் சேலை தூளிக்குப் போகும். அங்கே கிழிந்தால் பிள்ளைத்துணி. பிறகு அடுப்படிப் பிடிதுணி. கடைசியில் சைக்கிள் துடைக்கிற துணி. ஒரு சேலை இருபது வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டை விட்டுப் போகும். யாரும் உட்கார்ந்து அழ வேண்டியதில்லை. அக்கா மகளுக்கு மாசியில் பேறுகாலம். மூன்று சுங்குடிச் சேலைகளை எடுத்து வைத்திருக்கிறோம். பட்டுப் புடவையை வாங்க ஆள் வந்தார். புட்டா அழகு, கரை அழகு எதையும் அவர் பார்க்கவில்லை. ஜரிகையை நகத்தால் கீறிப் பார்த்தார். எரித்து வெள்ளி எடுப்பதற்குத்தான் வாங்குகிறார்கள். அக்கா பதில் சொல்லாமல் புடவையை உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

அப்பாவின் வேட்டி சட்டைகளை ஆற்றில் விட்டுவிடச் சொன்னார் ஒரு மாமா. பெரியவர் சொல், தட்டிப் பேசக் கூடாதுதான். ஆனால் பாபநாசத்துப் படித்துறையில் தாமிரபரணிக்குள் இப்படி விட்ட துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. தன்னார்வலர்கள் இறங்கி டன் கணக்கில் வாரி எடுக்கிறார்கள். குடிக்கிற தண்ணீர் அது. சட்டைகளை எங்கள் தெரு இஸ்திரிக்காரரிடம் கொடுத்தோம். பதினெட்டு வருஷம் அவர்தான் தேய்த்துக் கொடுத்தவர். ஒன்றை எடுத்துப் பார்த்து, “இதுல மூணாவது பொத்தான் நான் தைச்சதும்மா” என்றார். மறுநாள் அதே கோடு போட்ட சட்டையில் வண்டிக்குப் பின்னால் நின்றார். எனக்கு ஒரு கணம் நெஞ்சு நின்றது என்பது உண்மை. இரண்டாம் நாள் பழகிவிட்டது. மூன்றாம் நாள் அது அவர் சட்டை.

காகிதங்களுக்கு நாலு நாள் பிடித்தது. தயவுசெய்து இதில் மட்டும் அவசரம் வேண்டாம். வீட்டுப் பத்திரத்தின் அசல், 1979-ஆம் வருஷத்து மின்கட்டண ரசீதுக் கட்டுக்குள் இருந்தது. கட்டை அப்படியே எடைக்குப் போட்டிருந்தால் காவல் நிலையப் புகார், பத்திரிகை விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று என்று ஒரு வருஷம் அலைந்திருப்போம். எப்போதோ ஒரு வங்கியில் போட்ட வைப்புத்தொகை ரசீதும் கிடைத்தது. பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கிலிருக்கும் பணம் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போய்விடும். அதற்காக அது தொலைந்துவிடுவதில்லை. வாரிசுகள் அதே வங்கியில் கேட்டு வாங்கலாம். எந்த வங்கியில் யார் பெயரில் இருக்கிறது என்று தேட ரிசர்வ் வங்கி 2023-இல் உத்கம் என்ற இணையதளம் தொடங்கியிருக்கிறது. பழைய பங்குப் பத்திரங்கள் இருந்தாலும் எறியாதீர்கள். தொடர்ந்து ஏழு வருஷம் ஈவுத்தொகை வாங்காமல் விட்ட பங்குகள் அரசின் முதலீட்டாளர் நிதிக்கு மாறிவிடும். அங்கிருந்து மீட்கவும் வழி உண்டு. அலைச்சல் அதிகம், அவ்வளவுதான்.

கடைசியாக, தினசரிக் கணக்கு நோட்டுகள். 1968 முதல் போன சித்திரை வரை வருஷத்துக்கு ஒன்று. ஆளுக்கொரு நோட்டைத் தேடி எடுத்தோம். எல்லோரும் அவரவர் பிறந்த தேதியைத்தான் தேடினோம். நான் பிறந்த அன்று அப்பா எழுதியிருந்தது: வண்டிச் சத்தம், பிளாஸ்க் ஒன்று, ஆஸ்பத்திரி ஆயாவுக்கு இனாம், சீனி இரண்டு கிலோ. மகள் பிறந்தாள் என்று ஒரு வரி இல்லை. அது செலவுக் கணக்கு நோட்டு. வரவை அதில் எழுத மாட்டார்.

இந்த நோட்டுகளை எடைக்குப் போடலாம் என்ற பேச்சு எழுந்தபோது எனக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா ஞாபகம் வந்தது. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய தமிழ்ப் புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பை என்றதையெல்லாம் செட்டிநாட்டு வீட்டில் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. கடல் கடந்து கொண்டுபோகாமல் 1994-இல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்று யாராவது எடைக்காரரைக் கூப்பிட்டிருந்தால்?

கூப்பிட்ட கதையும் எங்கள் பக்கத்திலேயே உண்டு. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போன உ.வே.சாமிநாதையர், கோயிலில் குவிந்து கிடந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுத் தவித்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். வெறுப்பால் எரித்தவர்கள் அல்ல அவர்கள். சாஸ்திரப்படி, மரியாதையோடு எரித்தார்கள். எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருக்கிறது.

எங்கள் அப்பாவின் நோட்டுகளை அவ்வளவு உயரத்தில் வைக்கவில்லை. ஆனாலும் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் ஒரு பேராசிரியர் கேள்விப்பட்டு வந்து, பண்டகசாலை விலைவாசிக்காக 1968 முதல் 1985 வரை உள்ளவற்றை வாங்கிப்போயிருக்கிறார். பிறந்தநாள் பக்கங்களை மட்டும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டோம். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனபிறகு அக்கா, “எதுக்காவது ஆகும்னு அப்பா சொன்னதை, யாருக்காவது ஆகும்னு சொல்லியிருந்தா எப்பவோ கொடுத்திருப்பார்” என்றாள். இருக்கலாம்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது போகி நெருங்கியிருக்கும். சென்னையில் போகிப் புகையால் விமானங்களே தாமதமான வருஷங்கள் உண்டு. எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் சொல்கிறது. நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். எந்தக் கட்டையும் பிரித்துப் பார்க்காமல் வெளியே போடாதீர்கள். உங்கள் ஆச்சியோ அம்மாவோ பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த புத்தகம் ஏதாவது அகப்பட்டால், எந்த வருஷத்தது, என்ன கதை என்று எங்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். பத்திரிகை நடத்துகிறவளுக்கு இதைவிட நல்ல பொங்கல் சீர் கிடையாது.

கார்த்திகையில் வீட்டுக்குக் குடிவந்தார்கள். இளம் தம்பதி, கைக்குழந்தை. வந்த மூன்றாம் நாள் அந்தப் பெண் போன் பண்ணினாள். “அக்கா, காலண்டர் மாட்டணும். சுவத்துல ஆணி அடிச்சுக்கலாமா?”

அடித்துக்கொள்ளச் சொன்னேன். மச்சில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இருக்கின்றன, ஒன்றரை அங்குலம் வேண்டுமா இரண்டங்குலமா, மேலே எழுதியிருக்கும், பார்த்து எடுத்துக்கொள் என்றேன்.