இருமினால்தான் டி.பி.யா?

இருமல் வேண்டும், சளியில் இரத்தம் வேண்டும், அப்போதுதான் அது டி.பி. என்று நம்புகிறோம். பழைய சினிமாக்கள் கைக்குட்டையில் இரத்தத்தைக் காட்டிக் காட்டியே இந்த நம்பிக்கையை ஊன்றிவிட்டன. பெரியவர்கள் விஷயத்தில் அது பாதி உண்மை; ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது ஆபத்து. பெரியவரின் நுரையீரலில் குழி விழுந்து, அங்கிருந்து கிருமி நிறைந்த சளி வெளியேறுகிறது. சிறு குழந்தைக்கு அப்படிக் குழி விழுவது அரிது. கிருமியும் குறைவு, வரும் கொஞ்சச் சளியையும் விழுங்கிவிடும். அதனால்தான் விடியற்காலையில், வெறும் வயிற்றில், குழாய் விட்டு இரைப்பை நீரை எடுத்துச் சோதிக்கிறார்கள். அதிலும் கிருமி சிக்காமல் போவது சகஜம். ‘சளி டெஸ்டில் ஒன்றுமில்லை’ என்ற தாள் குழந்தைக்கு நோயில்லை என்பதற்குச் சான்றாகாது.

குழந்தைக்கு இருமல் வரவே வராது என்று சொல்லவில்லை. அதற்காகக் காத்திருப்பதுதான் தவறு. இரண்டு வாரம் தாண்டியும் விடாத காய்ச்சலும் மாதக்கணக்கில் ஏறாத எடையும் போதும், சந்தேகப்பட. நம் வீடுகளில் இவற்றுக்குச் சவலை, பல் முளைப்பது, தோஷம் என்று காரணங்கள் தயாராக இருக்கின்றன. ஒரு பாட்டில் டானிக்கோடு விசாரணை முடிகிறது. கழுத்தில் வலியில்லாமல் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நெறிக்கட்டி, உப்பிய விரல், அடிபடாமலே நொண்டும் கால், முதுகில் புதிதாகத் தோன்றும் கூன் எல்லாம் இந்த நோயாக இருக்கக்கூடும். கொடியது மூளையுறையைத் தாக்கும் வடிவம். முதலில் சிணுங்கல், வாந்தி, விளையாட்டில் நாட்டமின்மை, அவ்வளவுதான். தூக்கக் கலக்கமும் மாறுகண்ணும் வலிப்பும் வந்தபின் தொடங்கும் மருந்து உயிரைக் காத்தாலும், பேச்சும் நடையும் முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது.

‘பிறந்ததுமே பி.சி.ஜி. போட்டாயிற்றே’ என்பார்கள். 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கி, லட்சக்கணக்கானோரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி தடுக்கவில்லை என்றே காட்டியது. மூளையுறை நோய் போன்ற கடும் வடிவங்களைக் குறைக்கும் என்பதால் குழந்தைகளுக்குப் போடுகிறோம், போடத்தான் வேண்டும். ஆனால் குறைப்பது வேறு, வராமலே செய்வது வேறு.

இன்னொரு ஆட்சேபம் நியாயமானது: பேன் கடித்தாலும் தொண்டைப் புண் வந்தாலும் நெறி கட்டும், எல்லாவற்றையும் காசநோய் என்று கிளம்பினால் தேவையற்ற மருந்தல்லவா? உண்மைதான். சாதாரண சிகிச்சைக்கு அடங்கும் கட்டியை விட்டுவிடலாம். அடங்காததைப் பார்க்கும்போது கேட்கவேண்டிய கேள்விக்குக் காசு செலவில்லை: வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா? குழந்தையிடம் தேடும் இருமல் பல நேரம் தாத்தாவிடம் இருக்கும். அவருக்கு நோய் உறுதியானால், அந்த வீட்டுச் சிறு குழந்தைகளைப் பரிசோதித்து, நோயில்லாதவர்களுக்கும் தடுப்பு மாத்திரை தரவேண்டும் என்பது அரசின் விதி. ‘நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு மாத்திரை?’ என்று அதையும் மறுப்பவர்கள் உண்டு. தொற்று ஏறிய ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், தடுப்பு மருந்து இல்லாவிட்டால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் முற்றும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சிகிச்சையும் சுருங்குகிறது: கடுமையற்ற காசநோயுள்ள குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குப் பதில் நான்கு மாதமே போதும் என்று, இந்தியக் குழந்தைகளும் பங்கேற்ற ஆய்வொன்று 2022இல் காட்டியது. மூளையுறைக்குப் பரவிவிட்டாலோ வழக்கமாக ஓராண்டு.