ஒரு கீ கெட்டால் கிட்டாரையே கழிப்பதா?

திருவிழா மெல்லிசைக் கச்சேரிக்காக வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களுக்கு வேனில் ஏறிவரும் பேஸ் கிட்டாரில் எளிதில் அடிபடுவது, தலைப்பகுதியில் துருத்தி நின்று, கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனிங் கீதான். சுருதி இறங்கத் தொடங்கியதும் நான்கு கீயையும் மாற்று, இல்லையேல் புதுக் கிட்டார் வாங்கு என்கிறார்கள். இது அவசரத் தீர்ப்பு. கீயில் ஒரு திருகுப்பல்லும் அதோடு கவ்வும் பற்சக்கரமும் உண்டு. திருகு சக்கரத்தைச் சுழற்றும். கம்பியின் இழுவையால் சக்கரம் திருகை எளிதில் திருப்பிவிட முடியாது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியவை தளர்ந்த திருகாணி, தண்டில் ஒழுங்காகச் சுற்றாத கம்பி, கழுத்தின் மேல்முனையில் கம்பியை இறுகப் பிடிக்கும் நட்டுப் பள்ளம் ஆகியவையே. பல் உடைந்திருந்தாலோ தண்டு வளைந்திருந்தாலோ அந்த ஒரு கீயை மாற்றினால் போதும்.

பழைய மாடலுக்கு உதிரி கிடைக்காது என்பார்கள். துளையின் விட்டம், திருகாணி இடைவெளி, கீ எந்தப் பக்கத்துக்கானது என்ற மூன்றும் பொருந்தினால் வேறு தயாரிப்பும் உட்காரும். நிறம்தான் சற்று மாறும். பழுது பார்த்ததை மேடையில் நம்ப முடியாது என்ற வாதம், வளைந்த தண்டைத் தட்டி நிமிர்த்துவதற்குப் பொருந்தும். சரியாகப் பொருத்திய புதுக் கீக்குப் பொருந்தாது. தஞ்சாவூர் வீணையிலும் சுருதி சேர்க்கும் மரப் பிருடை வழுக்கினால் சாக்பீஸ் பொடி தடவுகிறார்கள். தேய்ந்தால் அந்தப் பிருடையை மட்டும் கடைந்து மாற்றுகிறார்கள். அதற்காக வீணையைக் கழிப்பதில்லை. இசைக்கருவிக் கடைகள் கீயை ஒற்றையாகவும் விற்கட்டும். வாசிப்பவர்கள் அளவெடுத்துக் கேட்டு வாங்கட்டும்.