ஈக்காட்டுத்தாங்கலுக்கு ஒரு நியாயம், நம்ம ஊருக்கு ஒரு நியாயமா?

விவசாயப் பெருங்குடி மக்களே!

சென்னை ஈக்காட்டுத்தாங்கலைப் பாருங்கள். தாங்கல் என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்றைக்கு அங்கே கம்பெனிகளும் நூறடி ரோடும்தான். மாநகர எல்லைக்குள் கனரக லாரி நினைத்த நேரத்துக்கு நுழைய முடியாது. போக்குவரத்துப் போலீஸ் நேரம் வைத்துத் தடுக்கிறது. நல்லதுதான். ஆனால் தடுத்த லாரி எங்கே போய் நிற்கும்? நம்ம ஊர் ஓரத்தில்தான்! வயலை மேடாக்கி லாரி ஷெட் போடுகிறான். ஆயில் வாய்க்காலில் கலக்குது, வரப்பு சரியுது, பஞ்சாயத்து ரோடு நாசமாப் போவுது.

நம்மிடம் யாராவது கேட்டார்களா? பர்மிட் கொடுக்கும்போது கேட்க வேண்டியதில்லை என்கிறது சட்டம். வெள்ளைக்காரன் போட்ட 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில்கூட, வாடகை லாரிக்கு பர்மிட் கேட்டால் விண்ணப்பத்தை வெளியிட்டு ஆட்சேபணை வாங்கும் வழி இருந்தது. (போட்டி லாரிக்காரர்களுக்குத்தான் அது அதிகம் உதவியது என்பது வேறு கதை.) 1989 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டம் அதை எடுத்துவிட்டது. 80-வது பிரிவுப்படி, பர்மிட் கேட்டால் சாதாரணமாக மறுக்கக் கூடாதாம்!

அதே வெள்ளைக்காரன் தன் ஊரில் என்ன செய்கிறான்? லாரி நிறுத்தும் இடத்தைக் காட்டாமல் லைசென்ஸ் கிடையாது. உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் போட வேண்டும். பக்கத்து நிலக்காரர் 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். எத்தனை வண்டி, எந்த நேரம் என்று அதிகாரி கட்டுப்பாடு போடலாம். இந்த உரிமையைத்தான் நாமும் கேட்கிறோம். லாரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. நம்ம கத்திரிக்காயும் கோயம்பேட்டுக்கு லாரியில்தானே போகிறது?

அதுவரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை. 115-வது பிரிவுப்படி ரோடு, பாலத்தின் தன்மையைப் பார்த்து கனரக வண்டியை அரசு தடை செய்யலாம். பத்து சக்கர லாரி வண்டியும் சரக்குமாக 28.5 டன் வரைதான் போகலாம். 2018-க்கு முன் இது 25 டன். மீறினால், 2019 திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000. பாரத்தை இறக்காமல் வண்டி நகரக் கூடாது. பர்மிட் நிபந்தனையை மீறினால் 86-வது பிரிவில் பர்மிட்டையே ரத்து செய்யலாம்.

ஆகவே வண்டி நம்பர், தேதி, நேரத்தை நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த கிராம சபையில் 115-வது பிரிவைச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். நகலை விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்!