புரட்டு யாருடைய சொல்?

தோழர்களே, அகராதியைப் புரட்டுங்கள். ‘புரட்டு’ என்றால் கீழ்மேலாகத் திருப்புவது. ஏமாற்று, பித்தலாட்டம் என்பதும் அதற்குப் பொருள். வயலில் மண்ணைப் புரட்டியவர்கள் நம் பாட்டன்மார். ‘புரட்டுக்காரன்’ என்ற வசவும் நமக்கே வந்தது. அதே ‘புரள்’ வேரில் முளைத்த ‘புரட்சி’யோ சினிமாவிலிருந்து கோட்டைக்குப் போனவர்களுக்குப் பட்டமாச்சு.

நான் வங்கிக் குமாஸ்தா. ‘பொண்ணு காலேஜ் ஃபீசுக்கு எப்படியாவது பணம் புரட்டணும் சார்’ என்று கவுண்டரில் நிற்கிற தரமணித் தாயிடம்தான் இந்தச் சொல் இன்னும் யோக்கியமாக இருக்கிறது. 2000இல் டைடல் பார்க் வந்ததும் தரமணியே தலைகீழா மாறிடுச்சு என்றார்கள். மாடிகள் உயர்ந்தன, சரி. அந்த மாடிகளில் கக்கூஸ் கழுவுகிற கை எந்தச் சாதியின் கை? அது மாறிச்சா?

மெய்யான புரட்டல் வேறு. 1893இல் ரெட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல்லால் நம்மை இழிவு செய்தார்களோ, அதையே தலைப்பில் அச்சடித்தார்: ‘பறையன்’. வசவு முகவரியாச்சு. வெட்கப்பட வேண்டியவன் திட்டியவன் என்றாச்சு.

ஆனால், மேலே இருப்பவனைத் தள்ளிவிட்டு அவன் இடத்தில் நாம் குந்துவதா புரட்சி? 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோது முகம் சுளித்த நம்மவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். தோசையைத் திருப்பிப் போட்டாலும் கல் அதே சூட்டில்தான் கிடக்கிறது. கவிழ்க்க வேண்டியது கல்லை.