ஆடிக்காற்றும் ஆறடிச் சுவரும்

கேள்வி: எங்கள் தோட்டத்தின் மேற்கே 60 அடி நீளத்துக்கு 6 இஞ்ச் ஹாலோ பிளாக் சுவர் இருக்கிறது. நான்கடி உயரம் இருந்ததை, வாழைக்குக் காற்றுத் தடுப்பாக இருக்கட்டும் என்று போன வருஷம் ஆறடியாக உயர்த்தினோம். இந்த ஆடியில் அடிவரிசைக்கு மேல் நீளவாக்கில் விரிசல் விட்டிருக்கிறது. 2 இஞ்ச் பைப் நட்டு முட்டுக் கொடுத்தால் போதும் என்கிறார் வெல்டிங் பட்டறைக்காரர். சரிதானா? சுவரோரம்தான் ஆடு கட்டுகிறோம். அம்மாவும் அங்கேதான் கட்டில் போட்டுப் படுக்கிறார்.
- வாசகர், திருநகர்

பதில்: முதலில் கட்டிலையும் ஆடுகளையும் இன்றைக்கே பத்தடி தள்ளிப் போடுங்கள். 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய உயரமான சுற்றுச்சுவர் வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். அது காற்றில் விழுந்த சுவர் இல்லைதான். ஆனால் தூங்குகிறவருக்கு எழுந்து ஓட நேரம் கிடைக்காது.

விரிசலுக்குக் காரணம் நீங்கள் ஏற்றிய இரண்டடிதான். நான்கடி ஆறடியானால் காற்று பிடிக்கும் பரப்பு ஒன்றரை மடங்கு. நெம்புகோல் நீளமும் ஒன்றரை மடங்கு. இரண்டும் சேர்ந்து சுவரின் அடியில் வரும் நெம்புவிசை இரண்டேகால் மடங்காகிறது. அடி கனம் மட்டும் அதே 6 இஞ்ச்.

இந்திய தரக் குறியீடு மதுரைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். நம் பக்கம் ஆடிக்காற்று அந்த அளவுக்கு வருவதில்லை. சித்திரை, வைகாசியில் இடிமழைக்கு முன் அடிக்கும் சூறைதான் வாழையைச் சாய்ப்பது. 140 கிலோமீட்டர் வேகத்தில் சதுர அடிக்கு சுமார் எட்டரை கிலோ அழுத்தும். ஆறடிக்கு ஆறடி சுவரில் 300 கிலோவுக்கு மேல்! 2 இஞ்ச் பைப் அதற்கு வளைந்துவிடும். பட்டறைக்காரர் பந்தல் கணக்கில் சொல்லியிருப்பார்.

நான் வேளாண்மை படித்தவன். ஆகவே நான் சொல்வதை வேலைக்கு முன் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டிக்கொள்ளுங்கள். முதலில் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். ஒரு இஞ்சுக்கு மேல் சாய்ந்திருந்தால் கம்பம் வேண்டாம், மேல் இரண்டடியைப் பிரித்துவிடுங்கள். நேராக இருந்தால் ஆறடிக்கு ஒன்றாக 4 இஞ்ச் ஐ செக்‌ஷன் கம்பம் நடலாம், மொத்தம் 11 வரும். குழி மூன்றடி ஆழம், ஒன்றரையடி சதுரம். ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டுங்கள். வரிசையாகத் தோண்டினால் சுவர் குழிக்குள் வந்துவிடும். திருமங்கலம் பக்கம்போலக் கரிசல் என்றால் இன்னும் ஆழம் போக வேண்டும். அந்த மண் மழையில் உப்பி, வெயிலில் வெடித்துக் கம்பத்தை ஆட்டிவிடும்.

கம்பத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் மட்டும் போதாது, இரண்டையும் பிணைக்க வேண்டும். காற்று ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் இழுக்கும். இரண்டடி உயரத்துக்கு ஒரு இடத்தில் சுவரைத் துளைத்து போல்ட் போட்டு, வெளிப்பக்கம் இரும்புப் பட்டை வைத்து இறுக்குங்கள். பட்டை இல்லாமல் இறுக்கினால் ஹாலோ பிளாக் நொறுங்கும்.

ஆட்டு மூத்திரம் இரும்பைத் தின்னும், அதுவும் மண்ணை ஒட்டிய இடத்தில். கான்கிரீட்டைத் தரைக்கு மேல் அரையடி உயர்த்தி, தண்ணீர் வழிந்தோடும்படி சரித்துப் பூசி, அதன் மேல் ரெட் ஆக்சைடும் பெயிண்டும் அடியுங்கள்.

செலவைப் பார்த்து மலைத்தால், என்னைக் கேட்டால் சுவரை நான்கடிக்கே இறக்கிவிடலாம். வாழைக்கு அடைத்த சுவர் நல்ல தடுப்பே இல்லை. தாண்டி வரும் காற்று உள்ளே சுழன்று இலையைக் கிழிக்கும். பாதிக் காற்றையாவது ஊடே விடுகிற மர வரிசைதான் நல்லது. சவுக்கை இரண்டு வரிசையாக, எதிரெதிர் வராமல் இடைவெளி மாற்றி நடுங்கள். கன்று தலைக்கு மேல் வளரும்வரை ஆட்டை மட்டும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.